முதல் ரோட் பைக்: இணையத்திலா, கடையிலா?

புது நாட்டில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் காசு சேர்ந்ததும் ரோட் பைக், அதாவது சாலையில் வேகமாக மிதிப்பதற்கான சைக்கிள், வாங்கப் போகிறேன் என்றேன். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே குரலில் இணையத்தில் வாங்கச் சொன்னார்கள். அதே கியர் செட், அதே டிஸ்க் பிரேக், விலை மட்டும் கடையை விடக் குறைவு. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சொன்னவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். தங்களுக்கு எந்த அளவு ஃபிரேம் பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரியும், வீட்டில் கருவிப் பெட்டி இருக்கும், ஆள் இல்லாத நேரத்தில் பார்சல் வந்தால் வாங்கி வைக்கப் பக்கத்து வீடு இருக்கும். என்னிடம் இருந்தது ஓர் அறையும் ஒரு சாவியும்தான்.

அளவு விஷயத்தில்தான் புதிதாக வாங்குகிறவர் அதிகம் குழம்புவார். 52, 54, 56 என்ற எண்களைப் பார்த்தால் சட்டை அளவு போலத் தோன்றும். உண்மையில் ஒரு நிறுவனத்தின் 54-ம் இன்னொன்றின் 54-ம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டும். பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். இணையதளம் உங்கள் உயரத்தையும் கால் உள்ளளவையும் கேட்டு ஓர் அளவைச் சொல்லிவிடும். கால் உள்ளளவை நாமே எடுக்கலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட் இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய வந்துவிடும், 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ.

கணக்கு சரிதான். ஆனால் பத்து மணி நேரம் நாற்காலியில் குந்தியிருந்து இறுகிப்போன இடுப்பு அந்தக் கணக்கில் வராது. அதனால் கடைக்கே போனேன். கடைக்காரர் என்னைச் சைக்கிளில் ஏற்றி, அசையாமல் நிறுத்தி, பெடல் மிதிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். முழங்கை விறைத்திருக்கிறது என்று சொல்லி, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை 110 மி.மீ.-இலிருந்து 90-க்கு மாற்றினார். கேபிள்கள் வெளியே ஓடும் மாடல் என்பதால் அது சின்ன வேலை. கேபிள் எல்லாம் ஹேண்டில்பாருக்கும் ஸ்டெம்முக்கும் உள்ளேயே ஓடும் இன்றைய மாடல்களில் இதே மாற்றம் அரைநாள் வேலையாகிவிடும். படத்தில் அழகாகத் தெரிவது அதுதான் என்பது வேறு விஷயம்.

பிறகு அவர் கேட்ட கேள்வியை எந்த இணையதளமும் என்னிடம் கேட்கவில்லை: “மழையிலும் ஓட்டுவீர்களா?” நான் பார்த்து வைத்திருந்தது 25 மி.மீ. டயர் போட்ட பந்தய ஃபிரேம். மட்கார்டு மாட்ட அதில் துளையே கிடையாது. வருடத்தில் பாதி நாள் சாலை ஈரமாக இருக்கும் இடத்தில் அது அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் லாயக்கு. 32 மி.மீ. டயர் நுழையும், மட்கார்டு துளையும் உள்ள ஃபிரேமையே எடுத்தேன்.

பிரேக் பற்றி நம்மவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற நாடுகளில் பொதுவாக வலது கை முன் பிரேக். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் இடது கை முன் பிரேக். நாய் குறுக்கே ஓடும்போது கை யோசிக்காது, பழகியதைத்தான் இழுக்கும். கேபிள் பிரேக் என்றால் இடம் மாற்றுவது எளிது. ஹைட்ராலிக் என்றால் குழாயைக் கழற்றி, எண்ணெய் விட்டு, காற்றை வெளியேற்ற வேண்டும். வாங்கும்போதே சொன்னால் கடையில் மாற்றித் தருவார்கள்.

சட்டம் மட்டும் இணையத்தின் பக்கம் நிற்கிறது என்பது எனக்கே ஆச்சரியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாமென்று சொல்லலாம். கடைக்கு நேரில் போய் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது; திரும்ப எடுப்பது அவர்கள் மனசு. ஆனால் ரோட் பைக் திருப்பி அனுப்ப அந்தப் பெரிய அட்டைப்பெட்டி வேண்டும், கூரியர் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். சீனாவிலிருந்து நேரடியாக முழுச் சைக்கிள் தருவிக்க நினைப்பவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 48.5 விழுக்காடு வரை கூடுதல் இறக்குமதி வரி உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேலை தரும் நிறுவனம் வழியாக வரிச் சலுகையோடு சைக்கிள் எடுக்கும் வழியும் உண்டு. பிரிட்டனில் 1999 முதலும் ஜெர்மனியில் 2012 முதலும் இது நடக்கிறது. ஜெர்மனியில் குத்தகை வழக்கமாக 36 மாதம். இரண்டு வருட விசாவில் வந்தவர் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கடையில் வாங்கியதால் எனக்குக் கிடைத்த கொசுறு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடை வாசலில் கூடி, மெதுவாக ஓட்டுபவர்கள் தனியாக, வேகமானவர்கள் தனியாகப் புறப்படுவார்கள். இந்த நாட்டில் என்னோடு முதலில் வேலை தவிர்த்த பேச்சுப் பேசியவர்கள் அவர்கள்தான். பஞ்சரான டியூபைப் பக்கத்தில் நின்று மாற்றிக் காட்டியவர்களும் அவர்களே. எந்தச் சாலையில் லாரி அதிகம், எந்த மேட்டுக்குப் பின்சக்கரத்தில் 34 பல் உள்ள பெரிய கியர் இல்லாமல் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கே கேட்டுத் தெரிந்ததுதான்.

இரண்டாவது சைக்கிளை இணையத்தில்தான் வாங்கினேன். என் ஸ்டாக், ரீச், ஸ்டெம் நீளம், ஹேண்டில்பார் அகலம் எல்லாம் அப்போது என் கையில் இருந்தன. பெட்டியில் பெடல் இல்லை; ரோட் பைக்கில் பெரும்பாலும் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை நினைவில் வைத்து மாட்டினேன். ஸ்டெம் போல்ட்டை அதில் எழுதியிருந்த 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கவில்லை. கியர் மட்டும் படியவில்லை. பழைய கடைக்கே தள்ளிக்கொண்டு போனேன். எங்கே வாங்கியது என்று கடைக்காரர் கேட்கவில்லை, கூலியை மட்டும் குறைக்காமல் வாங்கிக்கொண்டார். அதைக் கழித்தும் கொஞ்சம் மிச்சம்தான்.