கடைசி ரேடியேஷனுக்குப் பிறகு

அப்பாவுக்குக் கடைசி ரேடியேஷன் முடிந்த அன்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே வாழ்த்து. "முடிஞ்சிருச்சு, இனிமே சாமி பாத்துக்கும்" என்று பெரியப்பா குரல் பதிவு போட்டார். உண்மையில் அப்பாவுக்கு மோசமான நாள்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. சிகிச்சை நடந்தவரை தினமும் யாராவது ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) அவர் முகத்தைப் பார்த்து, எடை எடுத்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் பார்க்க நாங்கள் மட்டும்தான். சிகிச்சையைப் பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை நான் சொல்கிறேன்.

பின்னணி சுருக்கமாக. நுரையீரல் புற்றுநோய், மூன்றாம் கட்டம், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. அதனால் கீமோவும் ரேடியேஷனும் ஒன்றாகவே கொடுத்தார்கள். மொத்தக் கதிர் அளவு 60 கிரே, 30 தவணை, திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். வாரம் ஒருமுறை கீமோ. சிகிச்சை நடந்த புத்ராஜெயாவுக்கு இங்கிருந்து தினமும் போய்வர முடியாது என்பதால் காஜாங்கில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். அப்பா இளவயதில் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லாரி ஓட்டினார். ரோக்கோ டாவுனில் (இலையில் சுற்றிய சுருட்டு) தொடங்கி சிகரெட்டில் முடிந்த பழக்கம். அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அம்மா எங்கள் எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தார். நல்ல உத்தரவு.

முதலில் வந்தது விழுங்கும் வலி. தொண்டை வலி என்று அப்பா சொன்னாலும் புண்ணாகியிருந்தது உணவுக்குழாய். நெஞ்சின் நடுவில் கதிர் படும் பாதையிலேயே அது இருக்கிறது. ரேடியேஷன் நின்ற பிறகும் அதன் வேலை உடம்புக்குள் நடந்துகொண்டிருக்கும், கடைசி வாரமும் அதற்கடுத்த இரண்டு வாரமும்தான் உச்சம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை தெரிந்திருந்தும், தண்ணீர் குடிக்கவே ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்ப்பது கஷ்டம்தான்.

ரசம் கொடுக்க முடியாது, மிளகும் புளியும் எரிக்கும். காய்ச்சல் வீட்டில் ரசம் இல்லாமல் எப்படி என்று அம்மாவுக்குக் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். நன்றாகக் குழைந்த கஞ்சியில் நெத்திலி வேகவைத்த சாறு. இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு, சூடு ஆறிய பிறகு. காலைச் சந்தையில் சீனர் விற்கும் தவ் ஃபூ ஃபா (மென்மையான சோயாப் பால்கட்டி), சீனிப்பாகு குறைவாக. அதுதான் அவருக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. டின்னில் வரும் சத்து மாவை மைலோவில் கலந்து கொடுத்தால் குடிப்பார், தனியாகக் கொடுத்தால் வாசனை பிடிக்கவில்லை என்பார். கீமோவால் நாக்கில் இரும்பு ருசி இருந்ததால் எவர்சில்வர் கரண்டியைத் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் கரண்டி வைத்தோம். சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் குடிக்க, உள்ளே மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒன்று கொடுத்திருந்தார்கள். வலி வந்த பிறகு குடித்தால் பயனில்லை, முன்னாலேயே குடிக்க வேண்டும். கோப்பிக் கடையின் பாதி வெந்த முட்டைக்கு மட்டும் தடை. கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது வேகாத முட்டை ஆபத்து. அப்பா என்மேல் கோபப்பட்ட சில விஷயங்களில் இது முதலிடம்.

இந்தச் சமயத்தில்தான் சொந்தங்கள் பாட்டிலோடு வருவார்கள். பப்பாளி இலைச் சாறு, துரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலை, சபா ஸ்நேக் கிராஸ் என்ற மூலிகை. எல்லாம் அன்பில் வருவது, முகத்தில் அடித்த மாதிரி மறுக்க முடியாது. கீமோ மருந்தோடும் ஈரல், சிறுநீரகத்தோடும் எது எப்படி மோதும் என்று தெரியாது, ஒன்றும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு மாமா" என்பதுதான் சண்டை வராத ஒரே பதில். ஹருவான் (விரால்) மீன் சூப்பை மட்டும் ஏற்றுக்கொண்டோம். புண் ஆற்றும் என்று ஊரில் நம்புகிறார்கள். அது எப்படியோ, புரதம் உள்ளே போனால் சரி.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினோம். காய்ச்சல் 38 டிகிரி என்றால் இரவோ பகலோ எமர்ஜென்சி. பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. பனடோல் காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளே ஓடும். அதற்குக் கீழே ஆஸ்பத்திரி டேகேர் மிஸ்ஸியின் நம்பர்.

தொண்டை ஆறி, அப்பா மெல்லச் சோறு சாப்பிடத் தொடங்கியதும் எல்லோரும் மூச்சு விட்டோம். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து வறட்டு இருமல் வந்தது. சளி இல்லை, இலேசான காய்ச்சல், குளியலறைக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. டவுனில் ஒரு கிளினிக்கில் ஃப்ளூ என்று சொல்லி இருமல் மருந்து கொடுத்தார்கள். திரும்பப் போனபோது அதே மருந்தின் பெரிய பாட்டில். நெஞ்சுக்கு ரேடியேஷன் கொடுத்தவர் என்று அம்மா சொன்னதை யாரும் குறித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அக்காதான் தாளைப் பார்த்து மிஸ்ஸிக்குப் போன் போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, ரேடியேஷன் முடிந்து எவ்வளவு நாளாச்சு என்பது. மறுநாளே வரச் சொன்னார்கள்.

அது ரேடியேஷன் நிமோனைட்டிஸ். கிருமியால் வருவதல்ல, கதிர் பட்ட நுரையீரல் பகுதி தாமதமாக வீங்கி அழற்சியடைவது. சிகிச்சை முடிந்து ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் வரும். இருமல் மருந்துக்கு அடங்காது, ஸ்டீராய்டு வேண்டும். எக்ஸ்ரே, சிடி எடுத்துத் தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு பிரெட்னிசோலோன் ஆரம்பித்தார்கள். சில நாளிலேயே மூச்சு தணிந்தது. இந்த வியாதிக்காரரை வீட்டில் வைத்திருப்பவர்கள் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதல் வாக்கியமாக ரேடியேஷன் முடிந்த தேதியைச் சொல்லுங்கள். இருமல், காய்ச்சல் எல்லாம் இரண்டாவது வாக்கியத்தில் வரட்டும்.

ஸ்டீராய்டு ஒரு தனிக் கதை. நன்றாகிவிட்டது என்று பட்டென்று நிறுத்தக்கூடாது. வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், குறைக்கும்போது இருமல் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு ஏற்கெனவே இனிப்புநீர் (சர்க்கரை நோய்). சர்க்கரை மேலே ஏறியது, பசி தாறுமாறாக வந்தது, தூக்கம் போனது. நடுராத்திரியில் எழுந்து சமையலறையில் பிஸ்கட் டின்னைத் தட்டுவார். மாத்திரையைக் காலையிலேயே சாப்பாட்டோடு கொடுத்ததும் தூக்கம் ஓரளவு சரியானது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்று வாங்கினோம். அப்பாவுக்கு டாக்டர் சொன்ன கீழ் எல்லை 92 சதவீதம்; ஒவ்வொருவருக்கும் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

புகைதான் இந்த ஊரில் பெரிய பிரச்சினை. ஊருக்கு வடக்கே ராஜா மூசா சதுப்புக் காடு. வறண்ட மாதங்களில் அந்த மண் தீப்பிடித்தால் மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். சுமத்ராவிலிருந்து வருவது வேறு. ஐபியு (காற்று மாசுக் குறியீடு) 100ஐத் தாண்டினால் ஜன்னலைச் சாத்தி, அப்பாவை உள்ளே இருக்கச் சொல்லிவிடுவோம். ஆனால் அன்றாடம் தொல்லை கொடுத்தது வீட்டுப் புகை: வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி, பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் எரிக்கும் குப்பை. சாம்பிராணியை அம்மாவே நிறுத்திவிட்டு விளக்கு மட்டும் ஏற்றினார். பக்கத்து வீட்டு அங்கிளிடம் அப்பாவே போய்ப் பேசினார், நாங்கள் பேசியிருந்தால் வேலிச் சண்டையாகியிருக்கும். சிகரெட்டோடு வரும் பழைய லாரி நண்பர்கள் வெளியே மாமரத்தடியில்.

பணம், ஃபாரம் பற்றி இரண்டு வரி. அரசு ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கட்டணம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). செலவெல்லாம் பயணம், சத்து மாவு, எங்கள் சம்பளமில்லா விடுப்பு. பெற்றோரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பிள்ளைகளும் தங்கள் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் எடுக்க விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. பில்லும் டாக்டர் கடிதமும் கேட்பார்கள், முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது எவ்வளவு உதவுவது என்பதுதான். கீமோவால் விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தம்பி ஓடிப்போய்ப் போட்டுவிடுவான், அப்பா அன்று முழுக்கப் பேசமாட்டார். பொத்தானுக்குப் பதில் டீ-ஷர்ட் வாங்கிக் கொடுத்ததும் அந்தப் பிரச்சினையே போய்விட்டது. காலும் மரத்துப்போனதால் செருப்பு நழுவியது, பின்னால் பட்டை வைத்தது வாங்கினோம். ஆஸ்பத்திரி பிசியோ சொன்ன மாதிரி மூக்கால் இழுத்து உதட்டைக் குவித்து மெல்ல விடும் மூச்சுப் பயிற்சியை, மெயின் ரோட்டுக் கோயில் வரை நடக்கும்போது செய்வார். முதலில் பாதி வழியில் உட்காருவார். கூடவே நடந்தால் எரிச்சல்படுவார் என்று அம்மா பூப்பறிக்கிற சாக்கில் பத்தடி பின்னால் போவார். களைப்பு மாதக்கணக்கில் இருந்தது. படுத்தே இருந்தால் அது கூடுகிறது, கொஞ்சம் நடந்தால் குறைகிறது. இதை நம்ப எங்களுக்கு நாளானது.

இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை சிடி. அந்த வாரம் வந்தால் வீட்டில் எல்லோரும் சிடுசிடுப்போம், அப்பா மட்டும் லாட்டரி முடிவைப் படிக்கிற மாதிரி அமைதியாக இருப்பார். அடுத்த ஸ்கேனுக்கான கேள்விகளை நோட்டில் எழுதியாயிற்று. கால் மரப்பு குறையுமா, இனிப்புநீர் மருந்தைப் பழைய அளவுக்கு மாற்றலாமா என்பவை எங்களுடையவை. பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் தூண்டில் போடப் போகலாமா என்பதை அப்பா மேலே இடம் விட்டு எழுதியிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் போவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.