ஆடும் கணுக்கால்

"பேலன்ஸே வரமாட்டேங்குது மாஸ்டர்" என்று ஒரு பாதத்தை மடக்கி மறுகாலில் பதித்து ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தில் நின்றபடி புலம்புகிறவரின் கணுக்காலைக் குனிந்து பாருங்கள். தசைநாண்கள் மாறி மாறித் துடிக்கும். அந்தத் துடிப்புதான் பேலன்ஸ். சும்மா இரண்டு காலில் நின்றாலே உடல் லேசாக ஆடத்தான் செய்கிறது. கண்ணும் உட்காதும் பாதமும் சொல்வதை வைத்து ஓயாமல் சரிசெய்துகொள்கிறது. மாமல்லபுரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசி ஆடமாட்டார், அவர் கல்.

ஆடவே கூடாதென்று விறைப்பவர்தான் முதலில் விழுவார். கால்விரல்கள் தரையைப் பிறாண்டும், மூச்சு நின்றிருக்கும், நிற்கும் காலின் முட்டி பின்னுக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். பதஞ்சலி தன் யோக சூத்திரம் 2.46இல் ஸ்திரத்தையும் சுகத்தையும் சேர்த்துச் சொன்ன கையோடு, அடுத்த சூத்திரத்திலேயே முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறார். வகுப்பில் இதைச் செய்ய எளிய வழி: விரல்கள் எல்லாவற்றையும் தூக்கச் சொல்லுங்கள். பெருவிரலுக்குக் கீழுள்ள மேடு, சுண்டுவிரலுக்குக் கீழுள்ள மேடு, குதிகால் மூன்றிலும் எடை இறங்கியதும் விரல்களை மெல்லக் கீழே விடட்டும். மெத்தென்ற 10 மி.மீ. யோகா விரிப்பில் இது நடக்காது, பாதம் புதையும். வெறுந்தரை நல்லது.

மடக்கிய பாதத்தைத் தொடைவரை ஏற்றும் ஆசையில் இடுப்பு ஒரு பக்கம் பிதுங்கும். கெண்டைக்காலோடு நிறுத்தலாம். முட்டியிலேயே பதிப்பது மட்டும் வேண்டாம். பக்கவாட்டு அழுத்தத்தை அந்த மூட்டு தாங்காது.

பல நேரம் தவறு சொல்லிக்கொடுக்கும் நம்முடையது. நாமும் செய்துகொண்டே செய்யச் சொன்னால் எல்லார் கண்ணும் நம்மேல்தான். நாம் அசைந்தால் வகுப்பே ஆடும். முதலில் காட்டிவிடுங்கள். பிறகு நாலைந்து அடி தள்ளி அசையாத ஒரு புள்ளியில் பார்வை நிற்கட்டும் (ஃபேன் காற்றில் ஆடும் காலண்டரைப் பார்ப்பவர்களும் உண்டு). அப்போது குறுக்கே நடக்கக் கூடாது. இடுப்பைப் பிடித்து நிறுத்துவது அதைவிட மோசம்: எடையை நம்மிடம் சாய்த்துவிடுவார், கணுக்காலுக்கு வேலை போய்விடும். சுவரோரம் நிறுத்தி இரண்டு விரல்நுனி தொட விட்டால் போதும். வயதானவர், கர்ப்பிணி, தலைசுற்றல் உள்ளவர் எப்போதும் சுவரோரம்தான். பிபி இருந்தால் கைகள் தலைக்குமேல் போகாமல் நெஞ்சளவில் நிற்கட்டும்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல வராது. தடுமாறும் பக்கத்தை முதலில் ஐந்து மூச்சு செய்யட்டும், களைத்தபின் அது இன்னும் மோசமாகும். விழப்போகையில் கையை வீசிப் போராடாமல், தூக்கிய காலைச் சட்டென்று கீழே வைப்பதையும் பாடமாகவே பழக்க வேண்டும்.