பறைக்கு அரை டிக்கெட்

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் பன்னிரண்டு நாள் நாடகம் போட்டுவிட்டு நேற்று ராத்திரிதான் உடுமலை வந்து சேர்ந்தேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாகக் குழுவில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதுகிறேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பாலக்காட்டிலிருந்து, இட்லிக்குப் பேர்போன ராமசேரிக்குப் போக வேண்டும். நாங்கள் நாலு பேர்: நான், ஒப்பனை அக்கா, பறை அடிக்கும் தம்பி, மலையாளம் பேசத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு நண்பன். கூடவே பறை, இரண்டு துணி மூட்டை. 250 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். இறங்கியதும் 400 என்றார். "நாலாள் உண்டு, சாதனமுண்டு, திரிச்சு காலி ஓடணம்." அதாவது நாலு பேர், சாமான் வேறு, திரும்பும்போது வெறும் வண்டியாக ஓட்ட வேண்டுமாம். நாலு பேர் என்பது ஏறும்போது அவருக்குத் தெரியாதா? பறையை மடியில் வைத்துக்கொண்டுதானே வந்தோம்? எங்கள் மலையாள நண்பன் "சேட்டா, சேட்டா" என்பதைத் தாண்டவேயில்லை. அக்கா சுத்தமான கொங்குத் தமிழில் பிடித்துக்கொண்டார். அவர் மலையாளத்தில் திட்ட, இவர் தமிழில் திட்ட, இருவருக்கும் ஒரு சொல் விடாமல் புரிந்தது. 350க்கு முடிந்தது. அன்றைக்கு எங்கள் கையிருப்பு மொத்தமே 2,100.

அந்த எரிச்சலோடுதான் இட்லிக் கடைக்குள் போனேன். ராமசேரி இட்லி நம் வீட்டு இட்லி மாதிரி குண்டாக இருக்காது. தட்டையாக, உள்ளங்கையை விடப் பெரிதாக, ஊத்தப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது. மண்பானை வாயில் நூல் வலை கட்டிய வளையம், அதன் மேல் ஈரத் துணி, துணி மேல் மாவு, மேலே இன்னொரு பானை. விறகு அடுப்பு. பொடியில் தேங்காய் எண்ணெயைக் குழைத்துத் தருகிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த முதலியார் குடும்பங்களின் கைவேலை இது. தேங்காய் எண்ணெய் என்றாலே முகத்தைச் சுளிக்கும் நான் ஒன்பது தின்றேன். பறைத் தம்பி கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் வைத்துக்கொண்டார்.

சரி, எதற்குப் போனோம் என்று சொல்ல வேண்டும். கேரளத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பள்ளி விடுமுறை. ஊர் வாயனசாலைகளில், அதாவது நம் படிப்பகம் மாதிரி, ஆனால் உண்மையிலேயே ஆட்கள் வந்து படிக்கிற இடங்களில், பிள்ளைகளுக்கு முகாம் போடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்றில் பன்னிரண்டு நாள் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் தியானம், பகலில் நடிப்புப் பயிற்சி, சாயங்காலம் தெருவில் எங்கள் நாடகம். தங்க இடம், சாப்பாடு, கடைசியில் 3,000 ரூபாய். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் போர்டில் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. டீக்கடையில் "ஏனுங்க, சக்கரை கம்மியாங்களா?" என்றார்கள். தமிழ்வழிப் பள்ளிகளும் அங்கே உண்டு. பக்கத்துச் சித்தூரில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா. கொங்கு ராஜா படையெடுத்து வந்து பகவதியிடம் தோற்றுப்போனதை வருஷா வருஷம் கொண்டாடுகிறார்கள். அது மாசி மாதமே முடிந்துவிட்டது, நாங்கள் தப்பித்தோம்.

எங்கள் நாடகம் கிணறு வெட்டுகிற ஒருவன் கதை. நானே எழுதியது, சிரிப்புக்குப் பஞ்சமில்லை என்று நினைத்திருந்தேன். முதல் நாள் பாதியில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். "தம்பி, அதெல்லாங் கெடக்கட்டுங்க. ஆழியாத்துத் தண்ணி எப்ப உடுவீங்க?" தமிழ்நாடும் கேரளமும் போட்டுக்கொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, 1970இல் கையெழுத்தானது, வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பக்கம் போக வேண்டும். பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கியவன் என்பதால் தமிழ்நாடு பொதுப்பணித்துறையே நான்தான் என்று ஆகிவிட்டது. கூட்டம் அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளிலிருந்து அந்தக் கேள்வியை நாடகத்திலேயே சேர்த்துவிட்டோம். துண்டில் விழுந்த காசு 180லிருந்து 460 ஆனது.

தியானம் சொல்லித் தருகிறேன் என்றதும் என்னைக் குரு என்று நினைத்துவிட வேண்டாம். மேடைப் பயத்துக்காகக் கற்றுக்கொண்ட மூச்சு கவனிப்பு, அவ்வளவுதான். கண்ணை மூடி மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணு, நினைப்பு எங்காவது போனால் மறுபடி ஒன்று. பிள்ளைகளிடம் "கண்ணை மூடு" என்றால் போதும், எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பும், முப்பது பேருக்கும் தொற்றும். முதல் மூன்று நாள் நான் கத்தியே தொண்டை கட்டிக்கொண்டது. தியான வகுப்பில் கத்துகிற வாத்தியார்! நாலாம் நாள் மாற்றினேன். செத்த பிணமாக நடி, பக்கத்தில் அழுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டால் தோற்றாய். அதைச் செய்தார்கள். வயிறு ஏறி இறங்குவது பிணத்துக்கு ஆகாதே என்று அவர்களே மூச்சைக் கவனித்தார்கள். இதை எங்கேயும் படித்து நான் வரவில்லை, வேறு வழி தெரியாமல் வந்தது.

எட்டாம் நாள் ராத்திரிதான் விஷயம். ஷொர்ணூர் பக்கம் ஒரு பகவதி கோவிலில் தோல்பாவைக் கூத்து என்று கேள்விப்பட்டு, நாடகம் முடிந்ததும் முடியாததுமாக ஓடினோம். ரயிலில் நின்றுகொண்டே போனோம், அதை விடுங்கள். கூத்துமாடம் என்று கோவிலுக்கு வெளியே நீளமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். முன்னால் வெள்ளைத் திரை. உள்ளே தேங்காய் மூடிகளில் திரி போட்டு 21 விளக்கு வரிசையாக எரிகிறது. மான் தோலில் வெட்டிய பாவைகள். ராமன் ராவணனைக் கொன்றபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்துவிட்டாளாம், யுத்தத்தைப் பார்க்கவில்லை. அவளுக்காகத்தான் வருஷா வருஷம் நடத்திக் காட்டுகிறார்கள். பாடுவது என்ன தெரியுமா? கம்பன். நம் கம்பன். கேரளத்துக் கோவிலில், மலையாள ராகத்தில், தமிழ்ப் பாட்டு. பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் மணிக்கணக்கில் விளக்கம், தர்க்கம்.

பார்க்க எத்தனை பேர் என்று எண்ணினேன். எண்ணுவது என் தொழில் வியாதி. நாங்கள் நாலு பேர், துண்டை விரித்துத் தூங்கும் ஒரு தாத்தா, இரண்டு நாய். அன்றைக்குக் கும்பகருணனை எழுப்பும் கட்டம். "எழுந்திராய், எழுந்திராய்" என்று உள்ளிருந்து பறையும் தாளமும் அதிர்கின்றன, தாத்தா புரண்டுகூடப் படுக்கவில்லை. பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தேன். மே மாதப் புழுக்கத்தில், அத்தனை விளக்குச் சூட்டில், சட்டையில்லாமல் வேர்த்து வழிய, வயதான புலவர் ஒருவர் ஒரு பாட்டின் பொருளை அங்குலம் அங்குலமாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். திரைக்கு அப்பால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை. கூட்டம் குறைந்தால் எங்கள் நாடகத்தில் இரண்டு காட்சியை வெட்டிவிடுகிறவன் நான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தம்பி 101 ரூபாய் காணிக்கை போட்டான், நான் கணக்குக் கேட்கவில்லை.

விடிந்ததும் அடித்துப் பிடித்து முகாமுக்கு வந்து, பிள்ளைகளை உட்காரவைத்து, கண்ணை மூடி எண்ணச் சொன்னேன். நானும் எண்ணினேன். நாலு வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் என் காதருகில் இடி விழுந்தது. ஏழு வயது வாண்டு ஒன்று தம்பியின் பறையைத் தூக்கிவந்து அடித்துக்கொண்டிருந்தது. "அண்ணா கொறட்டை உட்டீங்க, எங்களால எண்ண முடியல."

மீதி நாலு நாளில் சொல்ல ஒன்றுமில்லை. வெயில், மோர், ஒத்திகை.

வாக்குக் கொடுத்த விவரங்கள்: கொழிஞ்சாம்பாறைக்குப் பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸே போதும், சுற்ற வேண்டாம். தோல்பாவைக் கூத்துக்கு ஜனவரி முதல் மே வரைதான் பருவம், எந்தக் கோவிலில் எந்த ராத்திரி என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ராமசேரிக்குக் காலையிலேயே போங்கள். திரும்பும்போது தனியார் பஸ் கண்டக்டர் பறைக்கு அரை டிக்கெட் கிழித்தார். பிள்ளை மாதிரி மடியில் உட்காரவைத்திருக்கிறீர்களே என்றார். ஆட்டோக்காரரைப் போல இவர் மேல் கோபம் வரவில்லை, டிக்கெட்டை அக்கா பத்திரமாக வைத்திருக்கிறார். கையில் மிச்சம் 640 ரூபாய், நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 160.