ஒரு கலியாண வீடு, நாலு விதப் பாஸ்போட்

சின்னம்மாவின் மகளுக்கு லண்டனில் கலியாணம் என்று நாள் குறித்ததும் கனடாவில் எங்கள் வீட்டில் சேலை, நகைக் கதைக்கு முன்னம் எழுந்தது பிரித்தானியாவின் ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதியின் கதைதான். "கனடாப் பாஸ்போட்டோட இனி லண்டனுக்குச் சும்மா போகேலாதாம்" என்று யாரோ கோயிலில் சொல்லி, அது அம்மாவின் காதுக்கு வந்து சேரும்போது "கனடாக்காரரை இனி விடமாட்டாங்களாம்" என்று ஆகிவிட்டிருந்தது.

விசயம் அவ்வளவு பெரிதில்லை. முன்பு கனடாப் பாஸ்போட்காரர் ரிக்கற் எடுத்தால் போதும், நேரே போய் இறங்கலாம். 2025 ஜனவரி 8ஆம் திகதியிலிருந்து புறப்படும் முன்னமே இணையத்தில் அனுமதி எடுத்திருக்க வேண்டும். ஐரோப்பியப் பாஸ்போட்காரருக்கு அதே வருசம் ஏப்ரல் 2ஆம் திகதி தொடங்கியது. முதலில் 10 பவுணாக இருந்த கட்டணம், நாங்கள் கோடையில் விண்ணப்பித்தபோது 16 பவுண். பிறகு அதை 20 ஆக்கும் எண்ணத்தையும் அறிவித்தார்கள். எடுத்தால் இரண்டு வருசத்துக்குச் செல்லும், அல்லது பாஸ்போட் முடியும் மட்டும், இரண்டில் எது முந்தியோ அது. அதற்குள் எத்தனை தரமும் போகலாம், ஒரு பயணத்துக்கு ஆறு மாதம் வரை நிற்கலாம். இது விசா இல்லை. விசா தேவைப்படாத பாஸ்போட்காரருக்கான முன்சோதனை மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் பிரச்சினை அதில் இல்லை. போகிறவர்கள் எல்லோரும் ஒரே விமானத்தில் போனாலும், பாஸ்போட்டைப் பொறுத்து ஆளுக்கொரு சட்டம். "குடும்பமாப் போறம், ஒருக்காச் செய்தால் எல்லாருக்கும் சரிதானே" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஒன்று கிடையாது. கைக்குழந்தைக்கும் தனி ஈ.டி.ஏ., தனிக் காசு.

நான், மனைவி, பிள்ளைகள் நாலு பேரும் கனடாப் பாஸ்போட் மட்டும் வைத்திருப்பவர்கள். ஆகவே எங்கள் பாடு சுகம். அரசாங்கத்தின் ஆப்பைப் போனில் இறக்கி, ஒரு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் குந்தினோம். முதலில் பாஸ்போட்டின் படப் பக்கத்தைப் படம் பிடிக்கச் சொல்லும். மேசை விளக்கின் ஒளி பிளாஸ்ரிக்கில் பட்டு மினுங்கினால் ஏற்காது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விளக்கை அணைத்துவிட்டு எடுத்தோம். அடுத்தது பாஸ்போட்டுக்குள் இருக்கும் சிப்பைப் போன் வாசிக்க வேண்டும். இதில்தான் பலர் களைத்துப்போய்க் கைவிடுகிறார்கள். போனின் உறையைக் கழற்றிவிட்டு, பாஸ்போட்டின் மேல் போனை வைத்து, ஒரு நகம் அளவு நகர்த்துவது, பொறுப்பது, திரும்ப நகர்த்துவது. பிடித்துக்கொண்டதும் போன் அதிரும், அதன் பிறகு அசைக்கக் கூடாது. முகத்தை ஸ்கான் பண்ணும் இடத்தில் மனைவி சிரித்துவிட, மகள் "அம்மா, சீரியஸா இருங்கோ" என்று அதட்டினாள். பிறகு வேறு நாட்டுக் குடியுரிமை இருக்கிறதா, என்ன வேலை, எங்கே வீடு, குற்றத் தண்டனை ஏதும் உண்டா என்று கேள்விகள். ஒரு வருசமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர்களுக்கு ஈ.டி.ஏ. மறுக்கப்படும். அதை எதிர்த்து மேன்முறையீடும் இல்லை, வேண்டுமானால் முழு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அன்றிரவே மின்னஞ்சல் வந்துவிட்டது. எனக்கு மட்டும் மறுநாள். ஒரே மேசை, ஒரே போன், ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்க அங்கே ஆளில்லை. மூன்று வேலைநாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்லியிருப்பதால், கடைசி நேரத்துக்கு விடாமல் இருப்பது நல்லது. கடுதாசி ஒன்றும் வராது, அனுமதி பாஸ்போட்டின் இலக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ்போட்டைப் புதுப்பித்தால் அதுவும் போய்விடும், திரும்ப எடுக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூகிளில் தேடினால் மேலே வருவதெல்லாம் அரசாங்கத் தளம் இல்லை. அதே நீலம், அதே கிரீடம் போல ஒன்று, அப்போதைய 16 பவுண் வேலைக்கு நாலைந்து மடங்கு காசு. முகவரி கவ்.யுகே (gov.uk) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காட் இலக்கத்தை அடிக்க வேண்டும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பயண முகவர் தலைக்கு நூறு டொலர் கேட்டார். போனில் குழப்பப்படும் வயதானவர்களுக்கு ஒரு சேவைக் கட்டணம் நியாயம்தான். ஆனால் நூறு டொலர் சேவை இல்லை.

அக்கா வீட்டுக் கதை வேறு. அத்தான் கனடாப் பிரஜை, ஐந்து நிமிசத்தில் முடிந்தது. அக்கா கலியாணத்துக்கு முன் லண்டனில் இருந்து, அங்கேயே குடியுரிமையும் எடுத்துவிட்டுக் கனடா வந்தவர். பழைய பிரிட்டிஷ் பாஸ்போட் காலாவதியாகி அலுமாரிக்குள் கிடந்தது. "நானும் கனடாப் பாஸ்போட்டில ஈ.டி.ஏ. போடுறன்" என்றார். போட முடியாது. பிரிட்டிஷ் பிரஜைக்கு ஈ.டி.ஏ. கிடையாது, சொந்த நாட்டுக்குள் போக அனுமதி கேட்க முடியாதல்லவா. அதோடு முடியவில்லை. லண்டனில் குடியுரிமை பெற்ற தாய்க்கு அதன் பிறகு ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகளும் பிறப்பிலேயே பிரிட்டிஷ் பிரஜைகள். ஒரு நாளும் பிரிட்டிஷ் பாஸ்போட் எடுக்காவிட்டாலும் அப்படித்தான். லண்டனிலிருந்து கனடாவுக்குப் பெயர்ந்த எங்கள் சனம் எத்தனை! அவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, பிரிட்டிஷ் பாஸ்போட் எடுப்பது, கட்டணம் நூறு பவுண் அளவில். மற்றது, பிரித்தானியாவில் வாழ உரிமை உண்டு என்று காட்டும் வதிவுரிமைச் சான்றிதழ் ஒன்றை எடுப்பது, அப்போது அதைக் கனடாப் பாஸ்போட்டில் பதித்துக் கொடுத்தார்கள், அதற்கு 589 பவுண். யார் இரண்டாவதுக்குப் போவார்கள்? அக்கா பாஸ்போட் வழிக்குப் போனார். தன்னுடையதைப் புதுப்பிப்பது இலகு. பிள்ளைகளுக்கு முதல் பாஸ்போட் என்பதால் பிறப்புச் சான்றிதழ், அக்காவின் குடியுரிமைச் சான்றிதழ், படம் இவர்தான் என்று உறுதி சொல்ல வெளி ஆள் ஒருவர் என்று நீண்டது. நல்ல காலம், மாசி மாதமே தொடங்கினார். பிரிட்டிஷ் பிரஜை இந்த இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற விதியை அப்போது கொஞ்சம் தளர்வாகத்தான் பார்த்தார்கள். 2026 பெப்ரவரி 25ஆம் திகதியிலிருந்து இறுக்கிவிட்டார்கள், கையில் சரியான பத்திரம் இல்லாத இரட்டைக் குடியுரிமைக்காரரை விமான நிறுவனமே ஏற்ற மறுக்கலாம். உரிமை கூடியவருக்கு அலைச்சலும் கூட என்பதை நான் இதில்தான் பார்த்தேன்.

இனி அம்மா. அம்மாவிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போட், கனடாவின் நிரந்தர வதிவிடக் காட். குடியுரிமைக்கு ஐந்து வருசத்துக்குள் 1095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அம்மா வருசா வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் நின்றுவிடுவதால் அந்தக் கணக்கு நிரம்புவதே இல்லை. கனடாவில் வதிவிடம் இருந்தாலும் பிரித்தானியா பார்ப்பது பாஸ்போட்டைத்தான். இலங்கைப் பாஸ்போட்டுக்கு ஈ.டி.ஏ. இல்லை, விசிற்றர் விசாதான். அப்போது கட்டணம் 127 பவுண், அதாவது என்னுடையதைப் போல கிட்டத்தட்ட எட்டு மடங்கு. பயணத்துக்கு மூன்று மாதம் முன்னமே விண்ணப்பிக்கலாம், முடிவு வர மூன்று கிழமை என்பது வழமை.

இந்தப் படிவத்தில் கேள்விகள் வீட்டுக்குள் புகுந்து வரும். மாதம் எவ்வளவு செலவு, யார் காசு கொடுப்பது, பத்து வருசத்துக்குள் எந்தெந்த நாடு, தாய் தகப்பன் பெயர், அவர்கள் பிறந்த திகதி. அம்மம்மாவும் தாத்தாவும் எப்போதோ காலமாகிவிட்டார்கள். "ஐயா பிறந்தது சித்திரைப் பரணி, அது நல்லாத் தெரியும்" என்றார் அம்மா. வருசம்? "பெரிய வெள்ளம் வந்த வருசத்துக்கு அடுத்தது எண்டு ஆச்சி சொல்லுறவ." பெரிய வெள்ளத்தைப் படிவத்தில் எழுத முடியாது. ஊரில் இருக்கும் மாமாவுக்கு எடுத்துச் சொல்லி, அவர் காணி உறுதிகளோடு சுற்றி வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தைத் தேடிப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். மடிப்பு விழுந்த இடத்தில்தான் திகதி. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து எழுதினோம்.

இணைத்த பத்திரங்கள் அதிகம் இல்லை, ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. சின்னம்மாவின் அழைப்புக் கடிதம், அவவின் பிரிட்டிஷ் பாஸ்போட் பிரதி, கலியாண அழைப்பிதழ், என் வங்கி விபரமும் செலவு என்னுடையது என்ற கடிதமும், அம்மாவின் வதிவிடக் காட். அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்துக்கு மொழிபெயர்ப்புச் சேர்த்தோம், ஆங்கிலத்தில் இல்லாத எதற்கும் அது வேண்டும். கணக்கில் திடீரென்று பெருந்தொகை போட்டுக் காட்டுவது பற்றி ஊரெல்லாம் ஆலோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத காசு இருப்பதை விடக் கணக்கு மெலிந்திருப்பது மேல்.

கைரேகை கொடுக்கும் நாளில் அம்மாவின் விரல்கள் இயந்திரத்தில் விழவில்லை. எத்தனை வருசம் தேங்காய் துருவி, சாம்பல் போட்டுப் பாத்திரம் மினுக்கிய கை. அங்கிருந்த பெண் பொறுமைசாலி. ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாகத் தானே அழுத்திப் பிடித்து எடுத்தார். பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு விசா ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாத விசா.

பாரிஸ் மச்சானுக்குத்தான் கை நழுவியது. லாச்சப்பலில் இருப்பவர், பிரெஞ்சு வதிவிடக் காட்டும் அகதிக்கான பயணப் பத்திரமும் வைத்திருக்கிறார். ரயிலில் இரண்டரை மணித்தியாலத்துத் தூரம். அவரது மனைவி பிள்ளைகள் பிரெஞ்சுப் பாஸ்போட்டில் ஈ.டி.ஏ. எடுத்து வந்துவிட்டார்கள், அவருக்கு முழு விசா வேண்டும், அதற்கு நாள் காணவில்லை. தாலி கட்டை வீடியோவில் பார்த்தார்.

சின்னம்மா இன்னொரு யோசனையும் வைத்திருந்தார், ரொறன்ரோவில் பெயர் எடுத்த வீடியோக்காரர் ஒருவரை எங்களோடு கூட்டி வரச் சொன்னார். ஈ.டி.ஏ.யில் வந்து கலியாண வீட்டில் காசு வாங்கிப் படம் பிடிப்பது வேலை, அதற்கு அனுமதி இல்லை. லண்டன் ஹரோவிலேயே ஒருவரைப் பிடித்தார்கள். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் எங்கள் ஈ.டி.ஏ.யை யாரும் கேட்கவில்லை. பாஸ்போட்டை ஸ்கான் பண்ணியதும் அவர்களின் திரையில் வந்துவிடுகிறது. அம்மாவின் விசாவை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஹீத்ரோவில் அப்போது கனடாப் பாஸ்போட்காரர், பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளோடு, தானியங்கிக் கதவால் போய்விட முடிந்தது, முத்திரையும் இல்லை. அம்மா அதிகாரியின் வரிசையில் நிற்க வேண்டும். மனைவி பிள்ளைகளைக் கதவால் அனுப்பிவிட்டு நான் அம்மாவோடு நின்றேன். அதிகாரி ஏன் வந்தீர்கள் என்று கேட்க, நான் வாய் திறக்கும் முன் அம்மா "வெடிங்" என்றார். எப்போது திரும்புவீர்கள் என்றதற்குக் கைப்பையிலிருந்து கொழும்பு ரிக்கற்றை எடுத்து நீட்டினார். கலியாணம் முடிந்து அப்படியே நல்லூருக்குப் போவது அவரது திட்டம். அந்த ரிக்கற் பேசியது, நான் நின்றது சும்மா.

லண்டன் ஊடாகக் கொழும்புக்குப் போகிறவர்கள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஹீத்ரோவிலோ மான்செஸ்டரிலோ குடிவரவைத் தாண்டாமல் உள்ளேயே விமானம் மாறினால் ஈ.டி.ஏ. தேவையில்லை. ஆனால் மலிவு பார்த்துத் தனித்தனி ரிக்கற் எடுத்து, பெட்டியை வெளியே எடுத்துத் திரும்பப் போட வேண்டி வந்தால் தேவை.

சின்னம்மா குடும்பம் அடுத்த வருசம் கனடா வரப் போகிறார்கள். அவர்களுக்குக் கனடாவின் ஈ.டி.ஏ. 7 டொலர், ஐந்து வருசம் செல்லும். எங்களிடம் வாங்கியது 16 பவுண், இரண்டு வருசம். யார் யாரைக் கூடுதலாக விரும்புகிறார்கள் என்று சித்தப்பாவைச் சீண்டினேன்.

மார்கழியில் நாங்களும் ஊருக்குப் போவதாக இருக்கிறோம். இலங்கைக்கும் ஈ.டி.ஏ. வேண்டும், அங்கே அது 2012இலேயே வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டு வெளி நிறுவனங்களிடம் புது இ-விசா முறையைக் கொடுத்தார்கள், கட்டணம் ஏறியது, ஓகஸ்ட்டில் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது, பழைய ஈ.டி.ஏ. திரும்ப வந்தது. இரட்டைக் குடியுரிமை எடுக்காத எனக்கு, யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தாலும், கனடாக்காரன் என்ற கணக்கில், நான் விசாரித்தபோது, 30 நாளுக்கு 50 அமெரிக்க டொலர் என்று இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, பாஸ்போட்டைக் காட்டிவிட்டு நடந்து போவார். போனில் இதைச் சொல்லி, "அம்மா, உங்கட வீட்டுக்கு வாறதுக்கு என்னட்டக் காசு கேக்கிறாங்கள்" என்றேன்.

"எனக்கு லண்டனுக்கு எவ்வளவு கட்டினனி? பேசாமல் கட்டிப்போட்டு வா" என்றார்.