கோபத்தில் போட்ட புள்ளடி எங்கே போகிறது?

2024 நவம்பர் இலங்கைப் பொதுத் தேர்தலில் யாழ் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 நாட்டை ஆளும் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. ஆறு மாதம் கழித்து, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில், அதே யாழ்ப்பாணம் தமிழரசுக் கட்சியை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தது. நாடு முழுக்கப் பார்த்தாலும் தேசிய மக்கள் சக்தியின் பங்கு 61.56 சதவீதத்திலிருந்து 43.26க்கு இறங்கியது. ஆனால் இறங்கிய பங்கு பழைய பெரிய கட்சிகளுக்கு அப்படியே திரும்பவும் இல்லை. சனத்துக்கு ஒருவர் மீதும் முழு நம்பிக்கை இல்லை.

அந்த வெறுப்பு சபைக்குள் போனதும் ஏன் கட்சிகளின் பேரமாக மாறுகிறது என்று கேட்பவர்கள் எண்ணும் முறையைப் பார்க்க வேண்டும். 2018 முதல் நடப்பது கலப்பு முறை: 60 சதவீதம் வட்டாரத்தில் முன்னணியில் வருபவருக்கு, 40 சதவீதம் வாக்கு விகிதப்படி கட்சியின் பெயர்ப் பட்டியலிலிருந்து. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் இல்லை. கட்சி அல்லது சுயேச்சைக் குழு மட்டும்தான். போடுவது ஒரு புள்ளடி, அது எண்ணப்படுவது இரண்டு தரம். முதலில் வட்டாரத்தில் யார் முன்னணி என்று பார்க்க, பிறகு முழுச் சபைக்கும் எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் உரித்து என்று பார்க்க.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 20 உறுப்பினர் கொண்ட ஒரு பிரதேச சபை: 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்கு 20,000 என்றால் ஓர் ஆசனத்துக்கு 1,000. 'அ' கட்சி 8,000 வாக்கு எடுத்து, எதிரணி சிதறியதால் 10 வட்டாரத்தை வெல்கிறது. அதற்கு உரித்து 8தான். ஆனாலும் வென்ற வட்டாரத்தைப் பறிக்க முடியாது. கூடுதலான 2 சபையின் அளவில் ஏறி, மொத்தம் 22 ஆகும். 'ஆ' 5,000 வாக்கோடு 5, 'இ' 4,000த்தோடு 4, 'ஈ' 2,040ஓடு 2. ஒரு வட்டாரமும் வெல்லாத சுயேச்சைக் குழு 960 வாக்கு எடுத்திருந்தால், முழு ஆயிரங்களைக் கழித்த பிறகு மிஞ்சும் வாக்குக் கணக்கில் அதற்கும் 1.

இப்போது 12 வட்டாரத்தில் 10 வென்ற கட்சி 22 பேர் சபையில் 10 பேரோடு நிற்கிறது. 12 வேண்டும். 'ஈ' கட்சியின் 2 பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அங்கேதான் தவிசாளர் எனும் சபைத் தலைவர் கதிரை. 10 சதவீத வாக்கு எடுத்தவரிடம் சாவி.

பாதிக்கு மேல் ஆசனம் எடுத்த கட்சி தவிசாளரைத் தானே பெயரிடும். இல்லாவிட்டால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் தெரிவு செய்வார்கள். வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். சமநிலை வந்தால் திருவுளச்சீட்டு. கொழும்பு மாநகர சபையில் 117 பேரில் 48 பேரை வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி, இரகசிய வாக்கெடுப்பில் 61 வாக்கு பெற்று முதல்வர் (மேயர்) பதவியை எடுத்தது. மற்ற வேட்பாளருக்கு 54. வெளியிலிருந்து வந்த 13 வாக்கு யாருடையது என்று அந்தந்த வட்டாரத்து வாக்காளர் நிரூபிக்க வழியில்லை. யாழ்ப்பாணத்தில், காலமெல்லாம் திட்டித் தீர்த்த, டக்ளஸ் தேவானந்தாவின் ஈபிடிபி கட்சியின் ஆதரவைத் தமிழரசுக் கட்சி போய்க் கேட்டது. வாக்களித்தவர்களின் முகம் சுளித்தது, சட்டம் சுளிக்கவில்லை.

பதவி கிடைத்தாலும் நிலைக்கும் என்றில்லை. யாழ் மாநகர முதல்வராக இருந்த ஆனோல்ட் 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்றதால் பதவி இழந்தார். அவருடைய இடத்துக்கு மணிவண்ணன் 21க்கு 20 என்று ஒரு வாக்கால் வந்தார். ஒரு வாக்கில் தொங்கும் சபையில் வடிகாலையும் தெருவிளக்கையும் யார் பேசுவது? சோலைவரி மட்டும் தவறாமல் கட்ட வேண்டும்.

கோபத்தில் சீட்டைப் பழுதாக்கிப் போடுபவர்களுக்கு ஒன்று. நிராகரிக்கப்பட்ட வாக்கு கணக்கிலேயே வராது. மேலே சொன்ன சபையில் 1,000 பேர் சீட்டைக் கிறுக்கிவிட்டால், ஆசனத்தின் விலை 950க்கு இறங்கி, மிஞ்சிய கட்சிகளுக்கு அது மலிவாகும். அந்த 1,000மும் ஒரே சுயேச்சைக் குழுவுக்குப் போனால் ஓர் ஆசனம்.

ஆனால் சுயேச்சைக் குழு தொடங்குவது லேசில்லை. கட்டுப்பணம் கட்சிக்கு ஆளுக்கு 1,500 ரூபா, சுயேச்சைக்கு 5,000. 20 பேருக்கே ஒரு லட்சம். ஒரு வட்டாரத்துக்கு மட்டும் மனுத் தாக்கல் செய்ய முடியாது, முழுப் பட்டியலும் வேண்டும். வட்டார வேட்பாளர் பட்டியலில் 10 சதவீதமும், அந்த 40 சதவீத ஆசனங்களுக்கான மேலதிகப் பட்டியலில் 50 சதவீதமும் பெண்கள் இருக்க வேண்டும். 2025இல் பெரிய கட்சிகளே இங்கே சறுக்கின: இளைஞர் வேட்பாளரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி முறையாக உறுதிப்படுத்தப்படவில்லை என்று பட்டியல்கள் தள்ளுபடியாகின, சில நீதிமன்றம் போய்த்தான் மீண்டன. கடைசி நாள் நண்பகல்வரை காத்திருந்தால் திருத்த நேரம் இருக்காது.

பெரும்பாலும் குழு உடைவது வென்ற பிறகுதான். பட்டியல் ஆசனத்துக்கு ஆளைப் பெயரிடுவது கட்சிச் செயலாளர் அல்லது குழுத் தலைவர். வட்டாரத்தில் தோற்றவரும் அந்த வழியாக உள்ளே வரலாம். ஆகவே வீட்டுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் ஒழுங்கையைப் பற்றிக் கேட்பதோடு நிற்காமல், பட்டியல் ஆசனம் கிடைத்தால் யாருக்கு, தவிசாளர் தெரிவில் யாருக்குக் கை உயர்த்துவீர்கள், பகிரங்க வாக்கெடுப்பைக் கேட்பீர்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக் கூட்ட அறிக்கையைக் கேட்கலாம். சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எந்தத் திகதிக் கூட்டம், எந்தத் தீர்மானம் என்று குறித்துக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இரகசிய வாக்கெடுப்பாக இருந்திருந்தால் அதில் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் இருக்காது.