சண்டை போடாத பட்டாலியனைத் தேடிய கதை: ஒரு ஆய்வேட்டு அனுபவம்

எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டரில் ஆய்வேடு கட்டாயம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோயில் கல்வெட்டு, மீதிப் பேர் அவரவர் மாவட்டத்துத் தியாகிகள் என்று தலைப்பு கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் 'முதல் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்த ஒரு பிரிட்டிஷ் காரிசன் பட்டாலியன்' (காரிசன் என்றால் கோட்டை, முகாம் காவல்) என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாலு மாதம் முழி பிதுங்கினேன். இந்தப் பக்கம் கால் வைக்க நினைப்பவர்கள் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தலைப்பு கிடைத்தது சென்னை நந்தம்பாக்கத்தில். அங்கே இருக்கும் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் 850-க்கு மேல் உண்டு. அதே வளாகத்தில் 1914-18 போருக்கென ஒரு நினைவுச்சின்னம் தனியாக இருக்கிறது. அதில் 1,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் அங்கே புதைக்கப்பட்டவர்கள் அல்ல. நாட்டின் பல ஊர்களில், இனிப் பராமரிக்க முடியாத கண்டோன்மென்ட் கல்லறைகளில் கிடப்பவர்கள். கூட வந்த என் தங்கை சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் போர் ஃபிரான்ஸுல தானேண்ணா நடந்துச்சு? இங்க இத்தனை வெள்ளைக்காரங்க எதுல செத்தாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் ஆய்வேட்டின் முதல் பக்கம்.

முதலில் பின்னணி. 1914 ஆகஸ்ட்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் நிரந்தரக் காலாட்படை பட்டாலியன்கள் 52. சில மாதங்களில் எட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கப்பலேற்றிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப இங்கிலாந்திலிருந்து டெரிட்டோரியல் படைகள் வந்தன. அவர்கள் ஓய்வு நாளில் பயிற்சி எடுத்த குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள். பிறகு மெசபடோமியா, பாலஸ்தீனம் என்று போர்முனைகள் பெருகியதும் அவர்களிலும் பலரைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போது வந்தவைதான் காரிசன் பட்டாலியன்கள். வயது கடந்தவர்கள், காயம்பட்டுத் தேறியவர்கள், டாக்டர் 'போர்முனைக்கு ஆகாது' என்று எழுதியவர்கள் எல்லாம் சேர்ந்த படை. ராணுவ மருத்துவ வகைப்பாட்டில் இவர்களுக்கு 'பி-1' என்று பெயர். ஐந்து மைல் நடக்க வேண்டும், கண்ணாடி போட்டாவது குறி பார்க்கத் தெரிய வேண்டும், காது நன்றாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் தகுதி. இந்த வரியைப் படித்த அன்றுதான் எனக்கு இந்தப் படை மேல் ஒரு பிடிப்பு வந்தது. சாம்ராஜ்யத்தின் காவல், மூக்குக்கண்ணாடி போட்ட நாற்பது வயதுக்காரர் கையில்!

வழிகாட்டியான மேடத்திடம் போய் "ஒரு பட்டாலியனின் முழு வரலாறு" என்றேன். சிரித்தார். "ஒரு பட்டாலியன்னா ஆயிரம் பேருப்பா. உனக்கு இருக்கறது நாலு மாசம். ஒரு ஊரைப் பிடி, ஒரு கம்பெனியைப் பிடி." எனக்குக் கிடைத்ததிலேயே விலைமதிப்பான அறிவுரை அதுதான். காரிசன் பட்டாலியன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. ஒரு கம்பெனி (பட்டாலியனுக்குள் இருக்கும் சிறு பிரிவு) ஒரு கோட்டையில், இன்னொன்று நூறு மைல் தள்ளி ஒரு கண்டோன்மென்ட்டில் என்று சிதறிக் கிடக்கும். பட்டாலியன் பெயரை வைத்துத் தேடினால் தலைமையகம் இருந்த ஊர் மட்டும் அகப்படும். ஆட்கள் வேறெங்கோ இருப்பார்கள்.

அப்படி நான் பிடித்த ஊர் அமிர்தசரஸ், வருடம் 1919. சோமர்செட் லைட் இன்ஃபன்ட்ரி என்ற ரெஜிமென்ட்டின் (பல பட்டாலியன்கள் சேர்ந்தது ஒரு ரெஜிமென்ட்) 1-ஆம் காரிசன் பட்டாலியன் 1917-ல் உருவாகி இந்தியா வந்தது. அதன் ஒரு கம்பெனிதான் 1919 ஏப்ரலில் அமிர்தசரஸில் இருந்தது. அந்த வருடக் கலவரங்களையும் ஜாலியன்வாலா பாக் படுகொலையையும் விசாரிக்க அரசு அமைத்த ஹண்டர் கமிட்டியின் அறிக்கையில் ஆள் கணக்கே இருக்கிறது: 184 பேர். தலைமை கேப்டன் மாஸி. ஜாலியன்வாலா பாக் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவர்கள் ஒரு வரியைத் தாண்டுவதில்லை. ஆய்வேட்டுக்கு அந்த ஒரு வரி போதும் என்று முடிவு செய்தேன்.

இனி நான் செய்த தப்புகள்.

முதல் தப்பு, 'வார் டைரி' தேடியது. பிரிட்டிஷ் படையில் ஒவ்வொரு பிரிவும் போர்முனையில் தினக்குறிப்பு எழுத வேண்டும். அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. முதல் உலகப் போரைப் பற்றி யார் கேட்டாலும் எல்லாரும் அங்கேதான் கைகாட்டுவார்கள். ஒன்றரை மாதம் அதன் அட்டவணையைப் புரட்டினேன். போர்முனைக்குப் போனால்தானே டைரி? முகாமில் காவல் காத்த கம்பெனி எதை எழுதும்? இந்தத் தெளிவு முதல் நாளே வந்திருந்தால் ஒன்றரை மாதம் மிஞ்சியிருக்கும். சண்டை போடாத படை, சண்டைக் கோப்பில் இருக்காது. அது நோயில் விழுந்த இடத்தில், செத்த இடத்தில், யாராவது அதைப் பற்றிப் புகார் எழுதிய இடத்தில், விசாரணையில் சாட்சி சொன்ன இடத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது தப்பு கொஞ்சம் வெட்கக்கேடானது. 'சோமர்செட்' என்ற பெயர் வந்த இடத்தையெல்லாம் என் படை என்று குறித்துக்கொண்டேன். அந்த ஒரே ரெஜிமென்ட்டின் 2-ஆம் நிரந்தர பட்டாலியன் போர் முழுக்க இந்தியாவிலேயே இருந்தது. அது போக டெரிட்டோரியல் பட்டாலியன்கள் 1/4, 1/5, 2/4, 2/5 என்று நான்கு, 1914 கடைசியில் இந்தியா வந்தவை. இதில் '1-ஆம் பட்டாலியன்' வேறு, '1-ஆம் காரிசன் பட்டாலியன்' வேறு. பதிவேடுகளில் 'காரிசன்' என்ற சொல்லைச் சுருக்கி இரண்டு மூன்று எழுத்தாக்கி வைத்திருப்பார்கள். அவசரத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். என் குறிப்பு நோட்டில் நாற்பது பக்கம் இப்படி வீணானது. அதனால், தொடங்கும் முன்பே உங்கள் ரெஜிமென்ட்டின் எத்தனை பட்டாலியன்கள் எந்த வருடம் இந்தியாவில் இருந்தன என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதிகாரிகள் பெயரை வைத்துச் சரிபார்க்க மாதாந்திர ராணுவப் பட்டியல் உதவும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறது.

சிப்பாய்களின் பணிக்கோப்புகளை நம்பி இறங்காதீர்கள். 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் அந்தக் கிடங்கு எரிந்து, சுமார் 40 சதவீதம்தான் மிஞ்சியது. 'எரிந்த ஆவணங்கள்' என்றே அந்த வரிசைக்குப் பெயர். ஓரம் கருகிய தாள்களைத் திரையில் பார்க்கும்போது ஏனோ வாசனை வருவதுபோல் இருக்கும்.

அதைவிட நம்பகமானது பதக்க அட்டை. உள்ளங்கையளவு அட்டை, அதில் ஒரு மனிதன். பெயர், ரெஜிமென்ட், எண், பதவி, கீழே பதக்கங்களுக்கான கட்டங்கள். முதலில் எனக்கு அது வெறும் பட்டியலாகத்தான் தெரிந்தது. மேடம்தான் படிக்கக் கற்றுக்கொடுத்தார். இந்தியக் கண்டோன்மென்ட்டில் மட்டும் வேலை பார்த்தவருக்கு 'பிரிட்டிஷ் வார் மெடல்' உண்டு, 'விக்டரி மெடல்' கிடையாது. காரணம், இந்தியா போர்முனையாகக் கணக்கில் இல்லை. ஆக, இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் இவர் வீட்டிலிருந்து நேராக இங்கே வந்தவர் என்று ஊகிக்கலாம். இரண்டும் நிரம்பியிருந்து, மேலே வேறொரு ரெஜிமென்ட் பெயரும் இருந்தால், இவர் முன்பே ஏதோ போர்முனையைப் பார்த்துவிட்டு வந்தவர். பெரும்பாலும் காயமோ நோயோ பட்டு 'பி' வகைக்கு இறங்கியிருப்பார். ஒரு காலிக் கட்டம் இவ்வளவு பேசும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: அட்டையில் பல சமயம் ரெஜிமென்ட் பெயர் மட்டும்தான் இருக்கும். எந்த பட்டாலியன் என்று அறிய, அட்டை சுட்டும் பதக்கப் பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

தங்கையின் கேள்விக்குப் பதில் கிடைத்தது பாதிரியார்களின் பதிவேட்டில். ராணுவப் பாதிரியார்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்' வரிசையில் இருக்கின்றன. வங்காளத்துக்கு என்/1, சென்னைக்கு என்/2, பம்பாய்க்கு என்/3. பஞ்சாப் வங்காளக் கணக்கில் வரும். அடக்கப் பக்கத்தில் பெயருக்கும் வயதுக்கும் பக்கத்தில் சாவுக்கான காரணம் என்று ஒரு கட்டம். குடல் காய்ச்சல், மலேரியா, வெயில் தாக்கு. 1918 அக்டோபர் பக்கங்களைத் திறந்தால் காரணக் கட்டத்தில் இன்ஃப்ளுயன்சாவும் நிமோனியாவும் மாறி மாறி வரும். தேதிகள் அடுத்தடுத்து, கையெழுத்து ஒரே பாதிரியாருடையது, போகப் போக அவர் எழுத்து கிறுக்கலாகிக்கொண்டே போகிறது. நான் எடுத்த பிரிண்ட்டில் ஒரு பக்கம் மட்டும் தங்கையிடம் காட்டினேன். "ஓ, காய்ச்சல்லயா" என்றாள், அவ்வளவுதான்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தையும் சேர்த்துப் பாருங்கள், இலவசம். அவர்கள் கணக்கில் முதல் போர் 1921 ஆகஸ்ட் 31 வரை நீள்கிறது. அதனால் போர் முடிந்து வீட்டுக்குக் கப்பல் கிடைக்காமல் 1919-ல் இங்கேயே இறந்தவர்களும் அதில் உண்டு. தேடலில் பட்டாலியன் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அங்கே 'காரிசன்' என்று கொடுத்துச் சலித்தால் வேலை பாதி குறையும்.

பணம்? பாதிரியார் பதிவேடு, பதக்க அட்டை இரண்டும் சந்தா கட்டும் தளங்களில்தான் வசதியாகக் கிடைக்கும். மாணவன் வருடச் சந்தா கட்டினால் மெஸ் பில் நிற்கும். முதலில் இலவசத் தளங்களிலும் ராணுவப் பட்டியலிலும் தேட வேண்டிய பெயர்களையெல்லாம் சேர்த்துவிட்டு, ஒரே ஒரு மாதம் சந்தா கட்டி, அந்த மாதம் மட்டும் ராத்திரி பகலாக உட்கார்ந்து இறக்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். இந்திய அரசு பக்கத்து ஆவணங்களுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம். உள்துறை அரசியல் பிரிவு 1919 கோப்புகளில் 'டெபாசிட்' என்று முத்திரை குத்தியவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். அச்சிடத் தேவையில்லை என்று ஒதுக்கியவைதான் அவை. எனக்கு வேண்டிய சில்லறைத் தகவல் எல்லாம் அங்கேதான் கிடந்தது.

ஹண்டர் கமிட்டி சாட்சியத் தொகுதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமிர்தசரஸ் சாட்சியங்கள் மூன்றாம் தொகுதியில். எல்லாரும் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயரின் சாட்சியத்தைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். என் ஆட்கள் மற்ற அதிகாரிகளின் பதில்களில், போகிற போக்கில் வருகிறார்கள். பாலத்தில் எத்தனை பேர் நின்றார்கள், ரயில் நிலையத்துக்கு யாரை அனுப்பினார்கள் என்ற மாதிரி. ஏப்ரல் 10 அன்று நகரம் கொந்தளித்தபோது அதிகாரிகள் கையில் இருந்தது இந்த மாதிரிச் சின்னப் படைதான். பெஷாவருக்குப் போய்க்கொண்டிருந்த 260 கூர்க்காக்கள் தற்செயலாக அன்று ஒரு ரயிலில் வந்து இறங்கியது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்தப் பக்கங்களில் தெரியும். சாம்ராஜ்யம் அன்று எவ்வளவு பயந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்பது என் கட்சி. அதற்காக அடுத்து நடந்த கொலைக்கு அந்தப் பயத்தைச் சாக்காகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இதை ஆய்வேட்டிலும் ஒளிக்காமல் எழுதினேன்.

படங்களை நம்பும் முன்பும் ஒரு நிமிடம். அந்த வருடத்து அமிர்தசரஸ் படங்களில் பிரபலமான சில, 25-ஆம் லண்டன் சைக்கிள் பட்டாலியன் சார்ஜன்ட் ஒருவரின் ஆல்பத்தில் இருந்தவை. அது டெரிட்டோரியல் படை. படத்தில் வெள்ளைச் சிப்பாய் நிற்கிறார் என்பதற்காக அவரை உங்கள் பட்டாலியனில் சேர்த்துவிடாதீர்கள். தொப்பி முத்திரை தெரிகிறதா, பின்புறம் ஸ்டுடியோ பெயர் உண்டா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் படத்தை விட்டுவிடுங்கள்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு முதல் கேள்வியே இதைக் கேட்டார்: "ஜாலியன்வாலா பாக்கில் உங்கள் சோமர்செட் ஆட்கள் எத்தனை பேர் சுட்டார்கள்?" பத்து நாள் முன்னால் கேட்டிருந்தால் உளறியிருப்பேன். "ஒருத்தரும் இல்லை சார்" என்றேன். டயர் உள்ளே கொண்டுபோனது 90 பேர். அதில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 50, அவர்கள் கூர்க்கா மற்றும் எல்லைப்புற ரெஜிமென்ட் இந்தியச் சிப்பாய்கள். குக்ரி என்ற வளைந்த கத்தி மட்டும் வைத்திருந்த கூர்க்காக்கள் 40. சுட்ட தோட்டாக்கள் 1,650. காரிசன் கம்பெனி அந்தச் சுடும் வரிசையில் இல்லை.

"அப்போ இந்த ஆய்வேடு எதற்கு?"

"அவர்களை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்பதற்கு, சார்."

அவர் எதுவும் சொல்லவில்லை. 'பி-1' பற்றிய பக்கத்தைத் திருப்பி, ஐந்து மைல் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த மாணவியைக் கூப்பிடச் சொன்னார்.