அப்பாவின் நடைக்கு ஒரு தாளம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இடது கால்தான் இன்னும் சரியாக வரவில்லை. பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட் வராந்தாவில் அவர் நடக்கும்போது வலது செருப்பு 'டப்' என்று விழும், இடது செருப்பு 'சர்ர்' என்று தேய்ந்துகொண்டே வரும், அடுப்படியில் நிற்கிற எனக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

தாளத்தோடு நடக்க வைக்கலாம் என்று முதலில் சொன்னது பிசியோதெரபி செய்ய வரும் பெண்தான். அப்பா இளவயதில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் காவடிகளோடு மேளத்துக்குப் பக்கத்திலேயே நடந்து போனவர், அதனால் அன்றைக்கே நான் உறுமி மேளத்தைப் போட்டுவிட்டேன். அந்த வேகத்துக்கு அவர் காலை எடுத்து வைக்க முடியாமல் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டார். பயந்தே போனேன்.

"முதல்ல அப்பா இப்ப எந்த வேகத்துல நடக்கிறாருன்னு எண்ணுங்க அக்கா" என்றார் அந்தப் பெண். எண்ணினோம். நிமிடத்துக்கு 54 காலடி. போனில் மெட்ரோனோமை, அதாவது ஒரே சீராகத் தாளம் தட்டும் செயலியை, 54-ல் வைத்தோம். அதில் கால் நன்றாகப் பழகிய பிறகுதான் 5 சதவீதம் கூட்ட வேண்டுமாம், அதாவது 57.

அப்புறம் நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாவுட் குழுவினர் 1997-லேயே இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 6 வாரம் தாளத்தோடும், மற்றவர்களுக்குத் தாளம் இல்லாமலும் நடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், தாளத்தோடு நடந்தவர்களுக்கு வேகமும் காலடியின் நீளமும் கூடுதலாக முன்னேறின. அடுத்த தாள அடி எப்போது விழும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் தசைகள் அந்த நேரத்துக்குத் தயாராகிவிடுகின்றன. அதனால் பாட்டு பிடித்த பாட்டாக இருந்தால் மட்டும் போதாது, அடி அழுத்தமாகவும் ஒரே சீராகவும் விழ வேண்டும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் பிசியோவிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள், பலவீனமான பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் கூட நடக்கட்டும்.

முன்பு பக்கத்து வீட்டு வாசலிலேயே தேயத் தொடங்கும் செருப்பு, இன்று காலை 57-ல் நான்காவது வீட்டைத் தாண்டிய பிறகுதான் தேய்ந்தது. அங்கேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "உறுமி எப்பம்மா போடுவே?" என்று கேட்டார். அந்த மேளத்தை எண்ணிப் பார்த்திருக்கிறேன், நூறைத் தாண்டும்.

"இன்னும் நாளாகும்பா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, எழுந்திருக்கக் கையை நீட்டினார்.